பறவை போன தேதி யாருக்குத் தெரியும்?

பங்குனி பிறந்துவிட்டால் செஞ்சிக் கோட்டையில் கூட்டம் குறைந்துவிடும். காலை பத்து மணிக்கு மேல் ராஜகிரிப் பாறையில் கை வைத்தால் சுடும். சுற்றுலா வருகிறவர்கள் கல்யாண மகாலையும் வெங்கட்ரமணர் கோயிலையும் பார்த்த கையோடு நிழல் தேடித் திரும்பிவிடுவார்கள். பறவை பார்க்கிறவர்களும் ஏறக்குறைய இதே சமயத்தில்தான் பைனாகுலரை உறையில் போடுகிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரும், மாசியோடு போய்விடும் என்பதுதான் வலசைப் பறவைகளைப் பற்றி நம்மிடம் இருக்கும் பொதுக்கணக்கு. தண்ணீர் வற்றிக்கொண்டு வரும் ஏரிகளுக்கும் அங்கிருக்கும் வாத்துகளுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். குன்றுக்கும் புதருக்கும் தோப்புக்கும் பொருந்தாது. மார்ச் பின்பாதியிலிருந்து மே முதல் வாரம் வரை, தெற்கே பனிக்காலத்தைக் கழித்த சிறு பறவைகள் வடக்கே திரும்பிக்கொண்டுதான் இருக்கின்றன. தமிழ்நாட்டுச் சமவெளியில் ஓர் அரிய பறவையைப் பார்க்க ஆசைப்படுகிறவர், நாம் வெயிலுக்குப் பயந்து கைவிட்ட இந்த ஆறேழு வாரங்களைத்தான் முதலில் மீட்டெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குச் செஞ்சியைப் போல வசதியான இடங்கள் அதிகமில்லை.

காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. காஷ்மீர் ஈப்பிடிப்பான் என்று ஒரு பறவை. சிட்டுக்குருவியைவிடச் சிறியது, ஆணுக்குத் தொண்டையும் மார்பும் செங்கல் நிறம், அதற்குக் கருப்புக் கரை கட்டியிருக்கும். காஷ்மீரிலும் அதையொட்டிய வடமேற்கு இமயமலைச் சரிவுகளிலும் மட்டுமே குஞ்சு பொரிக்கும். பனிக்காலத்துக்கு நீலகிரி போன்ற மேற்குத் தொடர்ச்சி மலைகளுக்கும் இலங்கையின் மலையகத்துக்கும் வந்துவிடும். அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் உலகப் பட்டியலில் அது இருக்கிறது. இன்னொன்று, கருப்பும் வெள்ளையுமாக இருக்கும் ஒரு பூங்குருவி. இமயமலையில் கூடு கட்டி, பெரும்பாலும் இலங்கையில் குளிர்காலத்தைக் கழிப்பது. அங்குள்ள நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு இந்த இரண்டையும் பார்ப்பதற்காகவே வெளிநாட்டார் வருகிறார்கள். இரு முனையும் நமக்கு நன்றாகத் தெரியும். நடுவில் இருக்கும் சுமார் மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஏறக்குறைய காலியாகக் கிடக்கிறது. ஸ்ரீநகரிலிருந்து நுவரெலியாவுக்கு அளவுகோல் வைத்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அது செஞ்சிக்குச் சற்றே கிழக்கில், விழுப்புரம் மாவட்டத்தின் மீதே போகும். பறவை அளவுகோல் வைத்தா பறக்கிறது என்று கேட்பீர்கள். இல்லைதான். காற்றுக்கும் மலைக்கும் இரைக்கும் தக்கபடி விலகிப் பறக்கும். ஆனால் எப்படி விலகினாலும் தென்னிந்தியத் தீபகற்பத்தைக் கடக்காமல் இலங்கையிலிருந்து இமயமலைக்கு அது போய்ச் சேர வழியில்லை. கடக்கிற பறவை பகலில் எங்காவது இறங்கியாக வேண்டும்.

எங்கே இறங்கும்? சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறப்பவை. விடியும் நேரத்தில் கீழே எது பசுமையாகவும் ஈரமாகவும் தெரிகிறதோ அங்கே இறங்குபவை. நெல் வயலும் மல்லாட்டைக் கொல்லையுமாகப் பரந்து கிடக்கும் சமவெளியில் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்கின்றன. ராஜகிரியின் உயரம் சுமார் 240 மீட்டர். பெரிய மலை ஒன்றுமில்லை. ஆனால் பாறை இடுக்குகளில் வேர் விட்ட ஆல், அத்தி வகை மரங்கள் கோடையிலும் இலை தாங்கி நிற்கும். குன்றுகளுக்கு நடுவே முள்ளும் புதருமாகக் காடு. சக்கரக்குளம், செட்டிக்குளம் என்று நீர்நிலைகள். மேற்கே பக்கமலைக் காப்புக்காடு. கோட்டை கட்டியவர்கள் முற்றுகைக் காலத்துக்காகத் தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள். அந்த ஏற்பாடு, ஒரு நாள் மட்டும் தங்கி இரை தேடிப் போகும் பறவைக்கும் பொருந்திவருகிறது.

இதற்கு முதல் ஆட்சேபம் சுலபமானது: அரிய பறவை அரிதாக இருப்பது அது எண்ணிக்கையில் குறைவு என்பதால்தானே, யாரும் பார்க்காததாலா? இரண்டும் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் சிக்கல். காஷ்மீர் ஈப்பிடிப்பான் உண்மையிலேயே குறைவு. ஆனால் ஆறுமணிக்குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை முதுகு, சந்தன வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு என்று ஒரே உடலில் இத்தனை வண்ணம் கொண்ட இந்தப் பறவை குறைவானது அல்ல. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டுத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஏராளமாக வருகிறது. வரும்போது களைத்துப்போய் வீட்டு முற்றத்திலும் பள்ளிக்கூட வராந்தாவிலும் விழும். யாராவது எடுத்துத் தண்ணீர் கொடுப்பார்கள், படம் எடுப்பார்கள், செய்தித்தாளில் 'அபூர்வப் பறவை' என்று வரும். அதே பறவை ஏப்ரலில் திரும்பிப் போவதைப் பற்றி ஒரு வரி வருவதில்லை. வந்தது அத்தனையும் திரும்புவதில்லை என்பதும், முதல் பயணம் செய்யும் குஞ்சுகள் இலையுதிர் காலத்தில்தான் அதிகம் என்பதும் உண்மை. ஆகவே இளவேனிலில் எண்ணிக்கை குறைவாக இருப்பது இயல்பு. ஆனால் செய்தியே இல்லாத அளவுக்குக் குறைவல்ல. அங்கே குறைவது பறவை மட்டுமல்ல, பார்க்கிற கண்ணும்தான்.

வருகையைக் குறித்துக்கொள்வது எளிது, புறப்பாட்டைக் குறிப்பது கடினம் என்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது. கல்யாண வீட்டில் வருகிறவர்களை வாசலில் நின்று வரவேற்க ஆள் உண்டு. யார் எப்போது கிளம்பினார் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. அக்டோபரில் ஒரு நாள் பழுப்புக் கீச்சான் வேலிமுள்ளில் உட்கார்ந்து கத்துகிறது. நேற்று இல்லை, இன்று இருக்கிறது, தேதியை எழுதிவிடலாம். ஏப்ரலில் அதே கீச்சானைப் பார்க்கும் நாளில் அதுதான் கடைசி நாள் என்று தெரியாது. அடுத்த நாளும், அதற்கடுத்த நாட்களும் போய் நின்று, இல்லை இல்லை என்று எழுதிய பிறகுதான் முன்பு பார்த்தது கடைசி என்று உறுதியாகும். 2007இல் பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையமும் 'இந்தியன் பேர்ட்ஸ்' இதழும் சேர்ந்து 'மைக்ரண்ட்வாட்ச்' என்ற திட்டத்தைத் தொடங்கியபோது பொதுமக்களிடம் கேட்டது இந்த இரண்டு தேதிகளைத்தான்: முதலில் எப்போது பார்த்தீர்கள், கடைசியாக எப்போது பார்த்தீர்கள். இரண்டாவது கேள்விக்கு ஒருமுறை வந்துபோகிற சுற்றுலாப் பறவையாளர் பதில் சொல்ல முடியாது. ஊரிலேயே இருந்து, ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறவரால்தான் முடியும். அரிய பறவையும் அப்படிப்பட்டவர் கண்ணில்தான் படும். ஏனென்றால் எது வழக்கம் என்று தெரிந்தவருக்கே எது வழக்கமில்லை என்றும் தெரியும்.

இளவேனிலில் பார்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. நம் ஊருக்கு வரும்போது மங்கிய உடுப்பில் வரும் பறவைகள் பல, கிளம்பும் முன் இறகு மாற்றி, அல்லது பழைய இறகின் மங்கிய நுனிகள் தேய்ந்து, மாப்பிள்ளைக் கோலத்துக்கு வந்துவிடுகின்றன. ஆகஸ்டில் அழுக்குப் பழுப்பாக வந்திறங்கும் சூறைக்குருவிகள் மார்ச் மாதத்தில் இளஞ்சிவப்பு உடலும் பளபளக்கும் கருப்புத் தலையுமாக இலவ மரத்திலும் கல்யாணமுருங்கையிலும் தேன் குடித்துக்கொண்டிருக்கும். ஏரிகளில் மீசை ஆலாவின் வயிறு கரும்புகை நிறமாகி, கன்னத்தில் மட்டும் வெள்ளைக் கீற்று மிஞ்சும். பகல் நீளும்போது பறவையின் உடலில் சுரப்புகள் மாறுகின்றன. பசி அதிகமாகிறது, தோலுக்கடியில் கொழுப்பு ஏறுகிறது, குரலும் மாறுகிறது. பனிக்காலம் முழுக்க ஒற்றை எழுத்தில் கத்திக்கொண்டிருந்த பிளைத் நாணல் கதிர்க்குருவி புதருக்குள்ளிருந்து பாட ஆரம்பிப்பது இந்த நாட்களில்தான். ஒரே மாதிரி இருக்கும் கதிர்க்குருவிகளைப் பார்த்து மலைத்துப் போகிறவர்களுக்கு இந்தப் பாட்டு பெரிய உதவி, காதால் பிரித்துவிடலாம். ஆனால் அவசரமும் இந்தப் பருவத்துக்கே உரியது. முதலில் போய்ச் சேர்கிற ஆணுக்கு நல்ல இடம் கிடைக்கும் என்பதால் திரும்பும் பயணம் வரும் பயணத்தைவிட வேகமாக நடக்கும். இன்று அத்திமரத்தில் இருப்பது நாளை இருக்காது. வாரத்துக்கு ஒரு நாள் போனால்கூடப் பாதி தவறிவிடும்.

செஞ்சியில் நின்று பார்க்கத் தோதான ஒரு பறவையைச் சொல்ல வேண்டுமானால் நீலப் பூங்குருவியைச் சொல்வேன். கோட்டை மதில், பாழடைந்த மண்டபம், கல்குவாரி விளிம்பு என்று கல் இருக்கும் இடமாகத் தேடி வரும் தனிமை விரும்பி. குளிர்காலத்துக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் அங்கே இன்னொன்றை அண்டவிடாது. எதிர்வெயிலில் பார்த்தால் வெறும் கருப்பு. பலர் அதைக் கருஞ்சிட்டு என்று நினைத்துக் கடந்து போய்விடுவார்கள். கருஞ்சிட்டு சிறியது, வாலைத் தூக்கி நிமிர்த்தி வைத்திருக்கும், ஆணின் தோளில் வெள்ளைப் பட்டை இருக்கும், பாறைக்குப் பாறை ஓடிக்கொண்டே இருக்கும். நீலப் பூங்குருவி மைனாவைவிடச் சற்றே சிறியது, நீண்ட அலகு, மதிலின் உச்சிக்கல்லில் நிமிர்ந்து உட்கார்ந்து அசையாமல் தரையைப் பார்க்கும். பூச்சி நகர்ந்ததும் தொப்பென்று இறங்கிக் கவ்விக்கொண்டு அதே கல்லுக்குத் திரும்பும். சூரியன் நமக்குப் பின்னால் வரும்படி பத்தடி தள்ளி நின்றால் கருப்பு மறைந்து, ஈரமான கருங்கல்லில் நீலம் கலந்தது போன்ற நிறம் தெரியும். அந்தப் பத்தடி தள்ளி நிற்கும் பொறுமைதான் பறவை பார்ப்பதில் பாதி வித்தை. பெண்ணோ பழுப்பு, வயிறெங்கும் செதில் செதிலாக வரிகள். ஏப்ரலுக்குள் இது கிளம்பிவிடும். எந்த வாரத்தில் அந்த உச்சிக்கல் காலியாகிறது என்று மூன்று வருடம் தொடர்ந்து எழுதி வைத்தால் அதுவே அறிவியலுக்கு ஒரு தரவு.

இந்தத் தேடலில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. தூரதேசத்துப் பறவையைத் தேடிப் போகிறவர் கடைசியில் உள்ளூர் அபூர்வத்தின் முன்னால் போய் நிற்பார். மஞ்சள் தொண்டைச் சின்னான் எங்கும் வலசை போவதில்லை. தென்னிந்தியாவின் வறண்ட பாறைக் குன்றுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பறவையியலாளர் ஜெர்டன் 1845இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்திய பறவை. செஞ்சி வட்டாரக் குன்றுகளும் அது வாழும் இடங்களில் சேர்த்தி. சாம்பல் உடல், மஞ்சள் தொண்டை, வாலடியிலும் மஞ்சள். நம் வீட்டுக் கொண்டைக்குருவியின் உறவுதான், ஆனால் ஆளைக் கண்டால் ஒளியும் சுபாவம். பாறைகளுக்கு நடுவே புதர் இருந்தால்தான் வாழும் என்பதால் கல் உடைப்பு அதன் முதல் எதிரி. இதுவும் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. அத்திப் பழம் பழுக்கும் நேரத்தில் வலசைப் பறவைக்காக மரத்தடியில் காத்திருப்பவர் இதையும் காண வாய்ப்புண்டு.

சாதாரண ஆட்கள் எழுதி வைப்பதை எப்படி நம்புவது என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. 'அரிய பறவை' என்று கிளம்பும் செய்திகளில் கணிசமானவை நிறமி குறைந்து வெளுத்த காகமாகவோ, கூண்டிலிருந்து தப்பிய வெளிநாட்டுக் கிளியாகவோ, இறகு உதிர்ந்து அடையாளம் மாறிய உள்ளூர்ப் பறவையாகவோ முடிகின்றன. பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி போனில் பெயரைச் சொல்லிவிட்டது என்பதும் சான்று ஆகாது. அது உதவிக்கு, தீர்ப்புக்கு அல்ல. இதற்கு மருந்து, பார்ப்பவர்களைக் குறைப்பதல்ல, சரிபார்ப்பதுதான். பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் தளத்தில் ஒரு பகுதிக்கும் பருவத்துக்கும் பொருந்தாத பறவையைப் பதிவு செய்தால் அது உடனே கொடி காட்டும். உள்ளூர் அனுபவசாலிகள் படம் கேட்பார்கள், விவரம் கேட்பார்கள், திருப்தி இல்லையென்றால் பொதுக்கணக்கில் சேர்க்க மாட்டார்கள். 'ஏதோ ஒரு கதிர்க்குருவி' என்று எழுதவும் அதில் இடமுண்டு. தெரியாததைத் தெரியாது என்று எழுதுகிறவரின் பட்டியல்தான் நம்பகமானது. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இப்படிச் சுமார் 30,000 பேர் சேர்த்த பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைக் கணிக்கப் போதிய தரவு இருந்த 338 இனங்களில் 204 குறைந்திருக்கின்றன. நெடுந்தூரம் வலசை போகிறவை மோசமாகச் சரிந்திருக்கின்றன. சம்பளம் வாங்கும் விஞ்ஞானிகள் மட்டும் எண்ணியிருந்தால் இந்த அறிக்கை வந்திருக்காது.

ஆனால் அந்தப் பதிவுகளும் வருடம் முழுக்கச் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு சனவரியில். உலகளாவிய கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு பிப்ரவரியில். வனத்துறையின் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பும் மார்ச்சுக்குள் முடிந்துவிடுவதே வழக்கம். இடத்திலும் இதே சாய்வுதான். இதே மாவட்டத்தில் கழுவெளிக்கு 2021இல் சரணாலயம் என்ற பெயர் கிடைத்தது, 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம் கிடைத்தது, கிடைக்க வேண்டியதுதான். நீர்ப்பறவை கூட்டமாக, வெட்டவெளியில், எண்ணுவதற்குத் தோதாக நிற்கும். பாறைக் குன்றில் ஒரு பறவையைப் பார்க்க ஒரு மணிநேரம் ஆகும். அதனால் குன்று வெறுமை என்று ஆகிவிடாது.

கூட்டம் சேர்ந்தால் பறவைக்குத்தான் தொல்லை என்பது எல்லா ஆட்சேபங்களிலும் கனமானது. கேமரா பிடித்தவர்கள் கூட்டிலிருக்கும் பறவையை விரட்டுவதும், பதிவு செய்த குரலைப் போட்டு வெளியே இழுப்பதும் நடக்கிறது. பாறை விளிம்புகளில் முட்டையிடும் கொம்பன் ஆந்தைக்குக் கோடைத் தொடக்கத்திலும் குஞ்சு இருக்கலாம். இதில் சமரசம் வேண்டியதில்லை: கூட்டின் இடத்தை யாருக்கும் சொல்லக்கூடாது, குரல் போடக்கூடாது, மதிலில் ஏறக்கூடாது. வலசைப் பறவை விஷயத்தில் ஒரு சௌகரியம், அதற்கு இங்கே கூடு இல்லை. அதற்கு வேண்டியது நிம்மதியாக இரை தேட ஒரு பகல். மரத்தடியில் உட்கார்ந்து அதைப் பார்ப்பவரால் கெடுதல் இல்லை, துரத்துகிறவரால் உண்டு.

இதெல்லாம் இப்போது ஏன் அவசரம் என்றால், 2025 சூலையில் யுனெஸ்கோ மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்று பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்து உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் மகாராட்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். இனி பாதை வரும், விளக்கு வரும், வண்டி நிறுத்துமிடம் வரும். மதிலைப் பிளக்கும் மரக்கன்றைத் தொல்லியல் துறை பிடுங்கத்தான் வேண்டும். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மதிலில் முளைத்ததற்கும் குன்றுகளுக்கு இடையே கிடக்கும் முட்புதர்க்காட்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அதைச் 'சுத்தம்' செய்யத் திட்டம் வரும் நாளில், இங்கே இன்ன மாதத்தில் இன்ன பறவை தங்குகிறது என்று காட்ட ஒரு தாள் இருந்தால்தான் வாதாட முடியும். இரவில் பறப்பவற்றைக் குழப்பும் வெளிச்சத்தைப் பற்றிப் பேசவும் அதே தாள் வேண்டும்.

செலவு அதிகமில்லை. எட்டு மடங்கு பெரிதாக்கும் சாதாரண பைனாகுலர் ஒன்று, ஒரு நோட்டு. நுழைவுச்சீட்டு கொடுக்கும் நேரத்துக்குள் வெயில் ஏறிவிடும் என்பதால் விடிந்ததும் கோட்டைக்கு வெளியிலிருந்தே தொடங்கலாம்: குளக்கரை, பக்கத்துச் சிங்கவரம் கிராமத்துக்குப் போகும் வழியில் உள்ள மரங்கள், பழம் பழுத்த ஆலோ அத்தியோ எதுவாயினும். கோடை மழை பெய்த மறுநாள் காலையைத் தவறவிட வேண்டாம். செஞ்சியின் பள்ளி ஆசிரியர்களும் கல்லூரி மாணவர்களும் பங்குனி தொடங்கி வைகாசி முதல் வாரம்வரை, முறைவைத்துக்கொண்டு, ஒரே இடத்தில் தினமும் அரைமணி நேரம் நின்று எழுதட்டும். நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, ஒன்றும் இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று. மே இரண்டாவது சனிக்கிழமையன்று உலகம் முழுக்க ஒரே நாளில் பறவைகளை எண்ணுகிறார்கள். அன்றைய கணக்கில் செஞ்சியிலிருந்தும் ஒரு பட்டியல் போகட்டும்.